காதுக்கு ஓர் ஆற்றுப்படை

பட்டம் பெற வந்திருக்கும் மாணவ மாணவியரே, பொழுது விடியும் முன்னே கிளம்பி பஸ் மாறி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களே!

பட்டமளிப்பு விழாவுக்கு அழைத்தால் அறிவுரை சொல்ல வேண்டும் என்பது வழக்கம். மூன்று வருடமாக வாங்கிய அறிவுரையே உங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன். ஆகவே நான் வேறொன்று செய்கிறேன். என்னென்ன பாட்காஸ்ட் கேட்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

இது பட்டமளிப்பு மேடைக்கு ஏற்ற பேச்சா என்று யாராவது முகம் சுளித்தால், அவர்களுக்கு மலைபடுகடாத்தை நினைவுபடுத்துவேன். பத்துப்பாட்டில் ஒன்று, வழிகாட்டி அனுப்பும் ஆற்றுப்படை வகை, 583 அடி. பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னன் நமக்குக் கீழே செங்கத்தை ஆண்டவன். பாட்டில் ஓடுகிற சேயாறு நாம் இருக்கும் இந்த ஜவ்வாதுமலையில் பிறப்பது. அதே பாட்டில் நிற்கும் நவிரமலை இன்றைய பர்வதமலை. நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தன், வழியில் எதிர்ப்படும் வறிய கூத்தனிடம் "நீயும் போ" என்கிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் சும்மா போ என்று சொல்லிவிடவில்லை. எங்கே பாறை வழுக்கும், எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருக்கிறார்கள், எந்தக் குழியில் பாம்பு கிடக்கும், தினைப்புனத்தில் இருந்து கவண்கல் எப்படிப் பறந்து வரும், எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்றெல்லாம் சொல்கிறான். போதாததற்கு, மலையில் என்னென்ன சத்தம் கேட்கும் என்று நீளமாக ஒரு பட்டியல் போடுகிறான். அருவியில் குளிக்கும் பெண்களின் ஆரவாரம், தினை குற்றும்போது பாடும் வள்ளைப்பாட்டு, பன்றி விரட்டும் பறை, புலி கிழித்த கணவனின் புண் ஆற மனைவி பாடும் பாட்டு, பலாப்பழத்தைக் கொட்டை பிரிக்கக் கன்றுகளை விட்டு மிதிக்க வைக்கும் சத்தம். ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில் ஒருவர் காதாலேயே எடுத்து வைத்த பதிவு அது.

பரிந்துரை என்றால் இப்படி இருக்க வேண்டும். போய்வந்தவன் சொல்ல வேண்டும். யாருக்குச் சொல்கிறோம் என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். பள்ளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் போனில் "உங்களுக்காக" என்று வரிசை கட்டி வருகிறதே, அதற்கு உங்கள் முகம் தெரியாது. நேற்று நீங்கள் கேட்டதற்கே இன்று வேறு சட்டை மாட்டி அனுப்புகிறது.

பின்வரிசைப் பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. பாட்காஸ்ட் என்பது நேரத்தை நாமே வைத்துக்கொள்ளும் ரேடியோ. இந்தப் பெயர் வந்தது 2004இல்தான். பழக்கம் நமக்குப் பழையது. லண்டனில் இருந்து பிபிசி தமிழோசை 1941இல் தொடங்கி 2017 வரை சிற்றலையில் வந்தது. இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் பேசியதைக் கடல் தாண்டி இங்கே உட்கார்ந்து கேட்டோம். 1960களில் திருச்சி வானொலி ஏடிடி-27 என்ற நெல்லைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, தஞ்சாவூர் விவசாயிகள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு குரலை நம்பி விதை நெல்லை மாற்றியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். சென்னை வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் தினமும் காலையில் சில நிமிடம் "இன்று ஒரு தகவல்" சொன்னார். சிரிக்காமல் சிரிக்க வைக்கும் அந்தக் குரல் இப்போதும் இணையத்தில் கிடைக்கிறது.

மலையில் எல்லா ஊரிலும் டவர் எடுக்காது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வீடியோவை விட்டுவிட்டு இதைச் சொல்கிறேன். 64 கேபிபிஎஸ் தரத்தில் அரை மணி நேரப் பேச்சு சுமார் 14 எம்.பி.தான். ஜமுனாமரத்தூரில் சிக்னல் இருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டால் போளூர் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவெல்லாம் கேட்டுக்கொண்டே போகலாம். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். டிக்கெட் கேட்கிற கண்டக்டரைக் கத்த வைக்க வேண்டாம்.

முதலில் கதை. நம் மாவட்டத்துக்காரர் பவா செல்லதுரையில் இருந்து தொடங்குங்கள். திருவண்ணாமலையில் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து, கையில் காகிதமில்லாமல், ஜெயமோகன் கதையையோ பிரபஞ்சன் கதையையோ அவர் சொல்லும்போது திண்ணையில் யாரோ நமக்காகப் பேசுவதுபோல இருக்கும். யூடியூபில் இருப்பதுதான், திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இதில் உள்ள பள்ளம்: அவர் சொல்வது அவருடைய கதை. மூலக்கதையில் இல்லாத ஒரு தேநீரும் ஒரு மழையும் நடுவில் வந்து சேர்ந்திருக்கும். கேட்டபின் புத்தகத்தை எடுத்துப் படித்தால்தான் எழுதியவரும் சொன்னவரும் எங்கெங்கே பிரிகிறார்கள் என்று தெரியும். அந்த இடங்கள்தான் சுவை. எழுத்தில் உள்ளதை அப்படியே கேட்க வேண்டுமென்றால் தீபிகா அருணின் கதை ஓசை இருக்கிறது. கல்கியின் பெரிய நாவல்களை வரிவரியாகப் படித்திருக்கிறார். படிப்பை நிறுத்திய அக்கா யாராவது வீட்டில் இருந்தால் அவருக்கு இதைப் போட்டுக் கொடுங்கள்.

இங்கிலீஷ் பேச வராது என்று கூச்சப்படுகிறவர்களுக்கு பிபிசியின் 6 மினிட் இங்கிலீஷ். ஆறு நிமிடம், இரண்டு பேர், ஒரு விஷயம். பேச்சின் எழுத்து வடிவம் அவர்கள் இணையதளத்திலேயே உண்டு. முதலில் காதால் கேளுங்கள், பிறகு பார்த்துக்கொண்டே கேளுங்கள். அவர்கள் உச்சரிப்பை அப்படியே பிடிக்க முயல வேண்டாம், போளூரில் யாருக்கும் புரியாது.

இனி நான் நின்று பேச விரும்பும் இடம். பிபிசி உலக சேவை 2019இல் 13 மினிட்ஸ் டு தி மூன் என்றொரு தொடர் வெளியிட்டது. கெவின் ஃபாங் தொகுத்து வழங்குகிறார். அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய கடைசி 13 நிமிடங்களுக்காக ஒரு தொடர் முழுவதும். 1969 ஜூலை 20. ஈகிள் என்ற தரையிறங்கு கலம் இறங்கிக்கொண்டிருக்கும்போது கணினி 1202 என்று ஓர் எச்சரிக்கை காட்டுகிறது. உள்ளே இருக்கும் ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஆல்ட்ரினுக்கும் அது என்னவென்று தெரியவில்லை. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் ஸ்டீவ் பேல்ஸ், வயது 26. பின்னறையில் இருந்து அவருக்குக் கைகொடுத்தவர் ஜாக் கார்மன், வயது 24. இந்த மண்டபத்தில் பட்டம் பெற உட்கார்ந்திருப்பவர்களை விடச் சில வயதுதான் கூடுதல்.

சில வாரங்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இதுபோன்ற எச்சரிக்கை வந்து, தேவையே இல்லாமல் தரையிறக்கத்தைக் கைவிட்டிருந்தார்கள். அதிகாரி ஜீன் கிரான்ஸ், வரக்கூடிய எச்சரிக்கை அத்தனைக்கும் பட்டியல் போடுங்கள் என்று உத்தரவிட்டார். கார்மன் அதைக் கையாலேயே எழுதி, மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் தகட்டுக்கு அடியில் செருகி வைத்திருந்தார். 1202 வந்ததும் அவர் பார்த்தது அந்தக் காகிதத்தை. கணினிக்கு வேலை கூடிவிட்டது, ஆனால் முக்கியமான வேலையை அது விடவில்லை, எச்சரிக்கை விடாமல் வந்துகொண்டே இருந்தால்தான் ஆபத்து. "போகலாம்" என்றார்கள். அந்தக் குரல்களில் படபடப்பு இருக்கிறது, அலறல் இல்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் காதால் கேட்டால் வருகிற நடுக்கம் வேறு. பள்ளம்: முதல் சில பகுதிகள் மெதுவாக நகரும். விட்டுவிடாதீர்கள்.

வானத்தில் ஆசை உள்ளவர்களுக்கு ஃப்ரேசர் கெய்னும் பமீலா கேயும் 2006 முதல் பேசிவரும் அஸ்ட்ரானமி காஸ்ட் உண்டு. இதைச் சொல்லும்போதே எனக்கு ஒரு மனக்குறை. இதே மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1972இல் நிறுவப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கி, 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது பார்த்துக்கொண்டிருந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்ததில் அந்த இரவுக்கும் பங்கு உண்டு. 1988இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர். பிபிசிக்காரர்கள் 13 நிமிடத்துக்கு ஒரு தொடர் எடுக்கிறார்கள். அந்த மார்ச் இரவுக்கு அரை மணி நேரமாவது, தமிழில், இந்த மலைப் பிள்ளை ஒருவர் குரலில் வந்தால் நான் முதல் ஆளாக உட்கார்ந்து கேட்பேன்.

நாட்டு நடப்புக்கு தி இந்துவின் இன் ஃபோகஸ், இந்தியன் எக்ஸ்பிரஸின் த்ரீ திங்ஸ். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு உதவும். மணிக்கணக்கில் உரையாடலைக் கேட்கும் பொறுமை இருந்தால் அமித் வர்மாவின் தி சீன் அண்ட் தி அன்சீன். ஊர் விட்டுப் போன தமிழர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அறிய ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ். வேகமாகச் சொல்லிவிட்டேன், வேண்டியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

குற்றக்கதைகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் தயங்கித்தான் பேச வேண்டும். 2014இல் அமெரிக்காவில் வந்த சீரியல் என்ற தொடர்தான் உலகத்தையே பாட்காஸ்ட் பக்கம் திருப்பியது. 1999இல் ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி கொல்லப்பட்ட வழக்கு. தண்டனை பெற்ற அத்னான் சையது உண்மையில் குற்றவாளிதானா என்று வாரம் ஒரு பகுதியாகக் கிளறினார் சாரா கோனிக். மிக நேர்த்தியான வேலை. அதன்பின் வழக்கு திரும்பத் திரும்ப நீதிமன்றம் ஏறியது, 2022இல் அவர் சிறையில் இருந்து வெளியே வந்தார். ஆனால் செத்துப்போன பெண்ணின் குடும்பம் இத்தனை வருடமும் தங்கள் துக்கத்தை ஊரார் துப்பறியும் விளையாட்டாக்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தமிழிலும் இப்போது இந்த வகை பெருகிவிட்டது. கொலை நடந்த வீட்டுக்காரர் இதைக் கேட்டால் என்ன நினைப்பார் என்ற கேள்வியோடு கேளுங்கள். பின்னணியில் திகில் இசை ஏறினாலே நிறுத்திவிடுவது என் வழக்கம்.

கடைசியாகச் சொல்வது பாட்காஸ்ட் இல்லை, வானொலி. அலை இங்கே எட்டாது. ஆனாலும் யார் பேசுகிறார்கள் என்பதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் மச்னூர் என்ற கிராமத்தில் 2008 அக்டோபர் 15 முதல் சங்கம் ரேடியோ ஒலிக்கிறது. நடத்துகிறவர்கள் தலித் பெண்கள். பேச்சு பெரும்பாலும் சிறுதானியம், விதை, மண், மருந்துச்செடி. சாமை விளையும் மலைக்காரர்களான உங்களுக்கு அந்தப் பேச்சு அந்நியமாக இருக்காது, மொழி தெலுங்காக இருந்தாலும். நீலகிரியில் ரேடியோ கோத்தகிரி பழங்குடி மொழிகளிலும் பேசுகிறது. பாம்பனில் கடல் ஓசை மீனவர்களுக்குக் காற்றும் கடலும் சொல்கிறது.

இப்போது போனில் ஜவ்வாதுமலை என்று தேடிப் பாருங்கள். பீமன் அருவி வரும், கோலப்பன் ஏரிப் படகு வரும், பலாப்பழம் வாங்கும் சென்னைக்காரர் வருவார். பேசுகிறவர்கள் எல்லோரும் இரண்டு நாள் வந்து போனவர்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றபோதும் அப்படித்தான். இறந்தவர்களில் இந்த மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். வாரக்கணக்கில் எல்லாச் சேனலிலும் விவாதம். இங்கிருந்து ஏன் கூலிக்குப் போகிறார்கள், போனவர் வராத வீட்டில் அடுத்த மாதம் என்ன நடந்தது என்பதை வீட்டுக்காரர்கள் நிதானமாகச் சொல்ல யாரும் அரை மணி நேரம் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதனால் கேட்பதோடு உங்களில் சிலர் பதிவும் செய்யுங்கள். வீட்டுப் பாட்டியின் பேச்சைப் பதிவதோடு நின்றுவிடாதீர்கள். இருபது வருடமாக இந்த மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர், இரவில் பிரசவம் பார்த்த நர்ஸ், சாமையை விட்டுவிட்டு வேறு பயிருக்குப் போனவர், போகாதவர் எல்லோரிடமும் பேசுங்கள். போனே போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், வாயில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை விழும்போது பதியாதீர்கள், ஒரு வார்த்தையும் தேறாது. பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுகிறவர் பெயர், அவர் சம்மதம் நான்கும் அவர் வாயாலேயே வரட்டும். நிலத் தகராறோ குடும்பச் சண்டையோ நடுவில் வந்துவிட்டால், வெளியிடும் முன் மறுபடி அவரிடம் போட்டுக்காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வெட்டிவிடுங்கள். அவர் மௌனமாக இருந்தால் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். நல்ல பேச்சு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். கோப்பின் பெயரில் ஊரும் தேதியும் இருக்கட்டும். "புதிய பதிவு 17" என்றிருந்தால் ஐந்து வருடம் கழித்து உங்களுக்கே எது எதுவென்று தெரியாது. இரண்டு இடத்தில் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.