கண் சிவந்தால் கண்ணை மட்டும் பார்த்தால் போதுமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)

 

கண் நோய் என்றவுடன் கண்புரையும் சர்க்கரை நோயும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றைக் குறித்துப் பலமுறை பேசியாயிற்று. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் நோய்களைப் பற்றி. தன்னுடல் தாக்கு நோய்கள் என்று இவற்றைக் குறிப்பிடுவர். முடக்குவாதம், லூபஸ், தைராய்டு கோளாறுகளுள் சில ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. மூட்டு வலிக்கு ஒரு மருத்துவரிடமும் கண் எரிச்சலுக்கு வேறொருவரிடமும் செல்கிறோம்; இரண்டும் ஒரே நோயாக இருக்கக்கூடும் என்பதை இருவரிடமும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

1933ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன், கண் வறண்ட 19 பெண்களைப் பற்றித் தம் ஆய்வேட்டில் எழுதினார். அவர்களுள் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. கண்ணோடு நின்றுவிடாமல் மூட்டைப் பற்றியும் வாயைப் பற்றியும் அவர் வினவியதன் பயனாகவே அந்நோய் இன்று அவர் பெயரால் அறியப்படுகிறது. கண்ணீரையும் உமிழ்நீரையும் சுரக்கும் சுரப்பிகளை எதிர்ப்பாற்றல் தாக்குவதே அதன் அடிப்படை. கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், தண்ணீரின்றி ரொட்டித்துண்டை விழுங்க இயலாமை, பற்கள் விரைவில் சொத்தையாதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இந்நோய் கொண்டோருள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். 'வயதானால் அப்படித்தான்' என்று நம் வீடுகளில் ஒதுக்கப்படும் புலம்பல்களுள் இதுவும் ஒன்று என்பதை ஆண்கள் கவனிக்க வேண்டும்.

கண் வறண்டவருக்குச் சில வேளைகளில் நீர் வழிவதும் உண்டு. எரிச்சலால் பெருகும் அந்த நீர் கண்ணைக் காக்கும் தரமுடையதன்று. ஆகவே, நீர் வழிகிறது என்பதால் வறட்சி இல்லை என்று முடிவு செய்துவிடலாகாது. கீழிமையில் ஒரு சிறு வடிதாள் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்ப்பது எளிய சோதனை. 5 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நனைந்திருந்தால் சுரப்பு மிகவும் குன்றியிருக்கிறது என்று பொருள்.

வறட்சியைவிட அவசரமானது கண்ணின் நடுப்படலத்தில் ஏற்படும் அழற்சி. இதனை 'மெட்ராஸ் ஐ' என்று எண்ணி மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்குவோர் பலர். மெட்ராஸ் ஐ வந்தால் பீளை கட்டும், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். இந்த அழற்சியிலோ பீளை இராது. உள்ளே குடையும் வலி இருக்கும், வெளிச்சத்தைப் பார்க்க இயலாது, பார்வை மங்கும். காலையில் முதுகு விறைத்து, நடமாடிய பின் தளரும் இளைஞர்களுக்கு இது வந்தால், முதுகெலும்பு மூட்டுவாதம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குழந்தைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. முழங்கால் வீங்கும் சிறார் மூட்டுவாதத்தில், கண் சிவக்காமலும் வலிக்காமலும் உள்ளே அழற்சி வளரக்கூடும். கண் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று இராமல், மருத்துவர் குறிக்கும் தவணை தோறும் கண்ணைக் காட்ட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வழற்சியோடு நம்மிடம் வந்த இளைஞர் ஒருவரை மறக்க இயலவில்லை. மணிக்கொரு முறை இடும்படி சொட்டு மருந்து கொடுத்தனுப்பினோம். மறுநாள் ரமலான் பிறந்தது. நோன்பு முறிந்துவிடும் என்றஞ்சிப் பகலில் மருந்தை நிறுத்திவிட்டார். பெருநாள் கழித்து அவர் வந்தபோது, கண்மணியின் விளிம்பு பின்னாலுள்ள வில்லையோடு ஒட்டிப்போயிருந்தது. பார்வையில் ஒரு பகுதி திரும்பவே இல்லை. அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டியவர்கள் நாமே. கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறியாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் நிலை. ஐயமிருப்பின் மருந்தை நிறுத்துமுன் நம் இமாமிடம் கேளுங்கள்.

மாத்திரைகளின் செய்தி வேறு. நெடுநாள் ஸ்டீராய்டு உண்போர் அதைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். நோன்பு நோற்கலாமா, நோற்பதாயின் மருந்தை ஸஹர் வேளைக்கு மாற்றலாமா என்பதை ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையையும் மறக்க வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைச் சீட்டின்றி வாங்கி மாதக்கணக்கில் இடுவதும் தவறு. அதனால் கண் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு கெடலாம், புரையும் வளரலாம். லூபஸுக்கும் முடக்குவாதத்துக்கும் ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரை உண்போர், தொடங்கிய முதலாண்டில் ஒரு முறையும், ஐந்தாண்டு கடந்தபின் ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளோர்க்கு இச்சோதனை முன்னதாகவே தேவைப்படும். நல்ல மருந்துதான்; அஞ்சி நிறுத்த வேண்டியதில்லை.

அடுத்த கண் முகாமுக்கு வருவோர், மூட்டுக்கோ தோலுக்கோ தைராய்டுக்கோ உண்ணும் மருந்துகளின் சீட்டுகளையும் மறவாமல் எடுத்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.