‘ஏகமனதாக’ என்ற சொல்



யாருடைய நினைவாக இன்று பம்மலில் கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ‘தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதும் முன், “பேசாதவங்க யாரு?” என்று கேட்பார். பலருக்கு எரிச்சலாக இருக்கும். அந்தக் கேள்வி ஏன் தேவை என்பதற்குப் பாப்பாபட்டி சாட்சி.

1996இல் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் எந்தத் தலைவரும் நிலைத்துப் பணியாற்ற முடியவில்லை. மனு போட ஆளில்லாமல் தேர்தல் நின்றது. இல்லையென்றால், ஆதிக்கச் சாதியினர் நிறுத்திய வேட்பாளர் வென்ற கையோடு விலகினார். கேட்டால், ‘ஊர் முடிவு’ என்றார்கள்.

எந்த ஊர்? தலித்துகளுக்குச் சம இடம் தராத ஊர். அவர்களுக்குக் கூலி வேலை தரும் நிலம் ஆதிக்கச் சாதியினரிடம் இருந்தது. வாக்களிப்பது ரகசியம், மனு போடுவது ரகசியமல்ல. தன் சாதியின் முடிவைத் தவறென்று நினைத்தவர் அங்கும் இருந்திருக்கலாம். ஒதுக்கிவைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் வாய் திறந்திருக்க மாட்டார். இயக்கங்களின் தொடர் போராட்டத்துக்குப் பிறகு, 2006 அக்டோபரில்தான் தேர்தல் நடந்து நான்கு ஊர்களிலும் தலைவர்கள் பொறுப்பேற்றார்கள்.

அது அச்சுறுத்தலால் வந்த மௌனம். நம் அமைப்புகளில் வருவது வேறு வகை. ஒற்றுமை கெடக் கூடாது என்ற தவிப்பு, முடிவு சரியா என்ற ஆராய்ச்சியை விழுங்கிவிடும். அமெரிக்க உளவியலாளர் இர்விங் ஜேனிஸ் 1972இல் எழுதிய நூலில் இதைத்தான் ‘குழுச்சிந்தனை’ என்றார். அதற்கு முன்பே, 1949 நவம்பர் 25 அன்று, அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கே வழிவிடும் என்று அண்ணல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். அவர் படத்தை மாட்டிய மேடையில்தான் தலைவர் முதலில் பேசுகிறார், நாம் வழிமொழிகிறோம்.

2022இல் நம் தாம்பரம் மாநகராட்சி மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. நாற்காலியைச் சட்டம் தரும். நம் கூட்டத்தின் கடைசி வரிசையில் இருக்கும் பெண்ணுக்குப் பேசும் இடத்தை நாம்தான் தர வேண்டும்.

ஆகவே நான்கு பழக்கங்களைக் கேட்கிறேன். இளையவர்கள் முதலில் பேசட்டும். பொறுப்பாளர் கடைசியில் பேசட்டும். மாற்றுக் கருத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். பொறுப்பாளர் தேர்வென்றால் சீட்டெழுதி வாக்களிப்போம். மாற்றிப் பேசியவரை மறுநாள் துரோகி என்று சொல்லாதிருந்தால்தான் இவை நிலைக்கும்.

அடுத்து இன்றைய தீர்மானங்கள். வாசிக்கும் முன் தோழரின் கேள்வியை நான் கேட்கிறேன்: பேசாதவங்க யாரு?