காவற்காரனும் கொத்தனும்
(ஒரு கூட்டத்தில் பேசியதின் சாரம்)



விரல்கள் ஒட்டிய குழந்தை பிறந்தால் நம்மவர்கள் யாரைக் குற்றம் சொல்லுகிறார்கள்? தாயைத்தான். "கிரகணத்தன்று வெளியே வந்தாள்" என்கிறார்கள். வயிற்றுக்குள் நடப்பது என்னவென்று பார்ப்போம்.

ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமிகளைத் தின்னும் காவற்காரர்கள் என்பது நீங்கள் அறிந்ததே. 1882-ல் இத்தாலியின் மெசினா நகரில் மெச்னிகாப் என்ற அறிஞர் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தினார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றி அணுக்கள் கூடியிருந்தன. தவளைக் குஞ்சின் வால் மறையும்போதும் இத்தகைய அணுக்களே வாலைத் தின்பதாக எழுதினார். 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கருவில் கை முதலில் துடுப்புப் போன்ற ஒரே தட்டாகத்தான் இருக்கிறது. பிறகு விரல்களுக்கு இடையிலுள்ள அணுக்கள் தாமே மடிகின்றன. காவலணுக்கள் அந்தப் பிணங்களை விழுங்கிச் சுத்தம் செய்கின்றன.

இதனால் விரலைப் பிரிப்பதே இவைதான் என்று சொல்லிவிடலாமா? கூடாது. இவை இல்லாத எலிக் கருவிலும் விரல் பிரிகிறது. பக்கத்து அணுக்கள் மெதுவாகச் சுத்தம் செய்கின்றன. பரீட்சை காட்டியதற்கு மேல் சொல்வது பகுத்தறிவாகாது.

ஆனால் பல் விஷயம் வேறு. இவ்வணுக்கள் வளர வேண்டிய ஒரு புரதம் இல்லாமல் பிறக்கும் எலிகள் உண்டு. காரணம் 1990-ல் தெரிந்தது. அவற்றின் பல் தாடைக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. ஏனெனில், பல்லுக்கு வழிவிட எலும்பைக் கரைக்கும் அணுவும் இந்த வம்சந்தான். மஜ்ஜைக் குழியும் எலும்பால் அடைபடுகிறது. பெண் எலியின் பால்சுரப்பி சரியாகக் கிளைவிடாததால் குட்டிக்குப் பாலில்லை. எனவே காவற்காரனே கொத்தனாகவும் இருக்கிறான். கட்டுகிற இடத்தில் இடிக்க வேண்டியதை இடிக்கிறான்.

இனி, விரல் ஒட்டிய குழந்தைக்கு வருவோம். மடிய வேண்டிய இடைச்சதை மடியாமல் நின்றது, அவ்வளவுதான். பல குடும்பங்களில் இது பரம்பரையாக வருவதுண்டு. இதில் சந்திரனுக்கும் வேலையில்லை, தாய்க்கும் குற்றமில்லை. அறுவைச் சிகிச்சையால் பிரிக்கக்கூடிய விரலுக்காக ஒரு பெண்ணை ஆயுள் முழுதும் பழிப்பது எந்த நியாயம்? குழந்தையை வைத்தியரிடம் கொண்டு போங்கள். தாயை நிம்மதியாக இருக்க விடுங்கள்.