துப்ரோவ்னிக்: மதிலின் மேலும் மதிலின் கீழும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில், 1974ஆம் ஆண்டு சிவில் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் போன் செய்து, "சார், ஏதோ வெளிநாடு போயிட்டு வந்தீங்களாமே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க. போட்டோ மட்டும் காட்ட வேண்டாம், சாப்பாடு லேட்டாயிடும்" என்றார். போட்டோ இல்லாமலே பேசுகிறேன். சாப்பாட்டுக்கும் நான் பொறுப்பு.

எங்கள் மகள் வியன்னாவில் வேலை பார்க்கிறாள். 2023 செப்டம்பரில் நானும் என் துணைவியாரும் அவளைப் பார்க்கப் போனோம். "வந்தது வந்தீங்க, குரோஷியாவையும் பார்த்துட்டுப் போங்க" என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிதான் குரோஷியா யூரோ நாணயத்துக்கு மாறி, ஷெங்கன் வட்டத்துக்குள்ளும் வந்திருந்தது. ஒரே விசா போதும், ஒரே பணம் போதும். நம்மைப் போன்ற வயதானவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஸ்பிளிட் நகரத்திலிருந்து பஸ்ஸில் அட்ரியாட்டிக் கடற்கரை ஓரமாகவே துப்ரோவ்னிக் போனோம். வழியில் பெல்யெஷாட்ஸ் பாலம். நீளம் 2,404 மீட்டர். 2022 ஜூலையில் திறந்தார்கள். நான் சிவில்காரன் ஆயிற்றே, ஜன்னலோரம் என் துணைவியாரிடமிருந்து பிடுங்கி உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பாலம் ஏன் வந்தது என்பது சுவையான கதை. கடற்கரையில் ஒரு சிறு துண்டு நிலம் போஸ்னியாவுக்குச் சொந்தம். அதனால் குரோஷியாவின் தென்கோடி தனியாகத் துண்டுபட்டுக் கிடந்தது. இதற்குக் காரணம் துப்ரோவ்னிக்காரர்களே. 1699 உடன்படிக்கையின்போது, வெனிஸ்காரன் நிலவழியாகத் தங்கள் எல்லைக்கு வந்துவிடக் கூடாது என்று, நடுவில் ஒரு துண்டை ஒட்டோமான் துருக்கியருக்கு விட்டுக்கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் மேல் உள்ள பயத்தில் நடுவே தூரத்து ஆளைக் குடிவைத்த கதை! முந்நூறு ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளைகள் அதைத் தாண்டப் பாலம் கட்ட வேண்டியிருந்தது. அரசியலில் எடுத்த முடிவுக்குக் கடைசியில் பில் போடுபவன் இன்ஜினீயர்தான்.

துப்ரோவ்னிக்கின் பழைய பெயர் ராகுசா. 1358 முதல் 1808இல் நெப்போலியன் ஆட்சி கலைக்கும் வரை, நாலரை நூற்றாண்டு அது ஒரு சின்னக் குடியரசு. பெரிய படை கிடையாது. ஒருபக்கம் வெனிஸ், இன்னொரு பக்கம் ஒட்டோமான் பேரரசு. சுல்தானுக்கு ஆண்டுதோறும் 12,500 தங்க நாணயம் கப்பம் கட்டி, எல்லோருடனும் வியாபாரம் செய்து பிழைத்தார்கள். ஊருக்கு வெளியே பாறைமேல் நிற்கும் லோவ்ரியெனாட்ஸ் கோட்டை வாசலில், உலகத்துத் தங்கத்தை எல்லாம் கொட்டிக் கொடுத்தாலும் சுதந்திரத்தை விற்கக் கூடாது என்ற பொருளில் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். கப்பம் கட்டிய ஊர் இப்படி எழுதலாமா என்று கேட்கலாம். விற்கவில்லையே, வாடகை கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டோம் என்பது அவர்கள் பதிலாக இருந்திருக்கும்.

மேற்கே பிலே வாயில் வழியாக உள்ளே நுழைந்ததும் எதிர்ப்படுவது ஓனோஃப்ரியோவின் பெரிய நீரூற்று. முப்பத்து நாலு வருஷம் குடிநீர்த் துறையில் குப்பை கொட்டியவன் நான். என் கால் அங்கே நின்றுவிட்டது. அதுவரை மழைநீரைத் தொட்டியில் சேர்த்துக் குடித்த ஊருக்கு, இத்தாலியிலிருந்து வந்த ஓனோஃப்ரியோ 12 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊற்றிலிருந்து, பம்ப் இல்லாமல், வெறும் சரிவை மட்டும் நம்பி நீர் கொண்டுவந்தார். 1438இல் வேலை முடிந்தது. பதினாறு முகங்களின் வாயிலிருந்து இன்றும் தண்ணீர் விழுகிறது. நான் பாட்டிலில் பிடித்துக் குடித்தேன். "வீட்டிலேயும் அதே வேலை, இங்கேயும் அதே வேலையா?" என்றார் துணைவியார்.

அங்கிருந்து நேராக ஓடுவதுதான் ஸ்திராதுன் என்னும் பெரிய வீதி. நீளம் சுமார் முந்நூறு மீட்டர்தான். சுண்ணாம்புக்கல் தளம், நூற்றாண்டுகளாகக் கால் பட்டுப் பட்டு எண்ணெய் தடவியது போல் மின்னுகிறது. 1667 ஏப்ரல் 6ஆம் தேதி வந்த பூகம்பத்தில் ஊரே தரைமட்டமானது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதற்குப் பிறகு குடியரசு ஒரே மாதிரித் திட்டம் போட்டு வீதியைக் கட்டியது. கீழே கடை, மேலே வீடு. கடையின் கதவும் ஜன்னலும் ஒரே வளைவுக்குள் அடங்கும். ஜன்னல் திண்டு முழங்கால் உயரத்துக்கு மேல் நிற்கும். வியாபாரி உள்ளே, வாங்குபவர் வெளியே, திண்டின் மேல் சரக்கு கைமாறும்.

இந்த ஊர் செய்த சில காரியங்களை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். 1377இல், கொள்ளைநோய் உள்ள ஊர்களிலிருந்து வருபவர்கள் முப்பது நாள் வெளியே தங்கிவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டார்கள். பின்னால் பிற துறைமுகங்களில் அது நாற்பது நாளாகி, இத்தாலிய மொழியின் 'நாற்பது' என்ற சொல்லிலிருந்து 'குவாரன்டைன்' என்ற பெயர் வந்தது. 2020இல் நாம் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, அதன் தொடக்கங்களில் ஒன்று இங்கேதான். 1416இல் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தார்கள். பிரான்சிஸ்கன் மடத்தில் 1317இல் தொடங்கிய மருந்தகம் இன்றும் உண்டு. துணைவியார் அங்கே ஒரு முகக்களிம்பு வாங்கினார். பலன் பற்றி இந்த மேடையில் பேச எனக்குத் துணிவில்லை.

ஊர்த் தலைவருக்கு ரெக்டர் என்று பெயர். பதவிக்காலம் ஒரே ஒரு மாதம்! அந்த ஒரு மாதமும் அரசாங்க வேலை தவிர மாளிகையை விட்டு வெளியே வரக் கூடாது. 'சொந்த வேலையை மறந்து பொதுவேலையைப் பார்' என்ற பொருளில் வாசலுக்கு மேல் எழுதியே வைத்திருக்கிறார்கள். தனி மனிதனுக்குச் சிலை வைப்பது அவர்களுக்குப் பிடிக்காது. ஆனால் அந்த மாளிகை முற்றத்தில் ஒரே ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. மிகோ பிராட்சாத் என்ற கப்பல் வணிகர், பிரபுக் குலம் அல்ல, சாதாரணக் குடும்பம். தன் சொத்தைக் குடியரசுக்கு எழுதி வைத்ததற்காக 1638இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். இரண்டு முறை எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்தபோது, சுவரில் ஏறி ஏறி விழுந்த ஒரு பல்லி மூன்றாம் முறை ஏறிவிட்டதைப் பார்த்து மறுபடி கப்பலேறினார் என்று கதை. அரியர் வைத்திருக்கும் தம்பிமார்கள் இந்தப் பல்லியை நினைவில் வைக்கவும்.

இனி மதில். சுற்றளவு 1,940 மீட்டர், சில இடங்களில் உயரம் 25 மீட்டர். 2023இல் டிக்கெட் 35 யூரோ. மூவாயிரம் ரூபாய்க்கு மேல்! "எனக்கு முட்டி ஒத்துழைக்காது. நீங்க போயிட்டு வாங்க, நான் இந்தச் சந்து நிழல்ல உட்கார்ந்திருக்கேன்" என்றார் துணைவியார். நான் மட்டும் ஏறினேன்.

மேலே ஒரு பக்கம் நீலக் கடல், மறுபக்கம் ஓட்டுக் கூரைகள். கூரைகளை உற்றுப் பார்த்தால் பெரும்பாலானவை புத்தம் புதுச் சிவப்பு, ஆங்காங்கே சில மட்டும் வெளுத்த பழைய ஓடு. அந்தச் சிவப்பு அழகுக்காக வந்ததல்ல. யூகோஸ்லாவியா உடைந்தபோது, 1991 அக்டோபர் முதல் 1992 மே வரை யூகோஸ்லாவிய ராணுவம் இந்த ஊரை முற்றுகையிட்டது. தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. 1991 டிசம்பர் 6ஆம் தேதி பழைய ஊரின்மேல் கடுமையாகக் குண்டு பொழிந்தார்கள். 1979இலேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஊர் அது. பழைய ஊரில் இருந்த 824 கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அடி. எண்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். பிறகு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் அந்தத் தளபதிகளைத் தண்டித்தது. பழைமையான ஊரை அழிப்பதும் போர்க்குற்றமே என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஸ்போன்சா மாளிகையில் ஊரைக் காத்து இறந்தவர்களின் படங்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். பல முகங்கள் இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வயது. அந்த அறையில் நான் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து இறங்கி வந்தேன். பூகம்பத்தையும் போரையும் தாண்டி நிற்கும் ஊரை முழுசாகப் பார்த்துவிட்டோம் என்ற திருப்தி. சந்துக்கு வந்தால், துணைவியார் ஒரு வாசற்படியில் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மாவுடன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்! அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம், இவர் ஓய்வு பெற்ற டீச்சர், மீதியைக் கை பேசியிருக்கிறது.

முற்றுகையின்போது அந்த அம்மா அந்த வீட்டிலேயே இருந்தவராம். வீட்டு நிலவறையில் பழைய மழைநீர்த் தொட்டி இருந்ததால் சந்தே அதைக் குடித்துப் பிழைத்ததாம். அப்போது சந்தில் பதினாலு குடும்பம். இப்போது இவரும் இன்னொருவரும் மட்டும். மற்ற வீடுகள் எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு. அந்த அம்மா சொன்னதைத் துணைவியார் என்னிடம் அப்படியே சொன்னார்: "குண்டு விழுந்தப்ப யாரும் போகலையாம். குண்டு விழாம எல்லாரும் போயிட்டாங்களாம்."

நண்பர்களே, அந்த வார்த்தை என்னைச் சுட்டது. மதிலுக்குள் 1991இல் சுமார் ஐயாயிரம் பேர் வாழ்ந்தார்கள். இன்று ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில்தான். ஒரு சினிமாத் தொடர் அங்கே எடுக்கப்பட்டுப் புகழ் பெற்ற பிறகு கூட்டம் இன்னும் பெருகியது. ஒரே நேரத்தில் இரண்டு உல்லாசக் கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று 2019 முதல் நகராட்சி கட்டுப்பாடு வைத்தும் நெரிசல்தான். மளிகைக் கடை நினைவுப்பொருள் கடையாகிறது. வாடகை ஏறுகிறது. இளைஞர்கள் மதிலுக்கு வெளியே போய்விடுகிறார்கள்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. அன்றிரவு நாங்கள் தங்கிய அறைக்குத் திரும்பினேன். அதுவும் அப்படி ஒரு வீடுதான். காலையில் கண்ணில் படாத ஒன்று அப்போது பட்டது. சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கத்தில் வருஷங்கள். பிள்ளைகளின் உயரத்தை அளந்து போட்ட கோடுகள். கடைசிக் கோடு 2006. அந்தக் குடும்பம் நான் கொடுத்த வாடகையில் வேறெங்கோ வசதியாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தக் கோட்டுக்கு மேல் அந்த வீட்டில் இனி கோடு விழாது.

எனவே போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் போங்கள். கப்பல் கூட்டம் வருவதற்கு முன் விடியற்காலையில் மதில் ஏறுங்கள். காலுக்கு நல்ல செருப்பு போடுங்கள், அந்தத் தளம் வழுக்கும். குடிக்க ஓனோஃப்ரியோ தண்ணீரே போதும். முடிந்தால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருக்கும் அறையாகப் பார்த்து எடுங்கள். காய்கறிச் சந்தையில் நாலு பழம் வாங்குங்கள். இரவில் சந்தில் உரக்கப் பேசாதீர்கள், மேல்மாடியில் யாராவது மிச்சம் இருக்கலாம். முக்கியமாக, இரண்டு மணி நேரம் எங்காவது சும்மா உட்காருங்கள். மூவாயிரம் ரூபாய் கொடுத்து நான் ஊரின் கூரையைப் பார்த்தேன். காசு கொடுக்காமல் என் துணைவியார் ஊரைப் பார்த்தார்.

கடைசியாக ஒன்று. நாமும் இந்தக் கல்லூரிக்கு ஆண்டுக்கு ஒருநாள் வரும் சுற்றுலாப் பயணிகள்தானே? வருகிறோம், வகுப்பறை வாசலில் போட்டோ எடுக்கிறோம், சாப்பிடுகிறோம், போகிறோம். இன்று காலை நான் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை. விடுதி மெஸ்ஸில் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். மெஸ் பில் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்தலாமா என்று யோசிக்கும் மூன்று பேரைப் பற்றித் தெரிந்தது. பெயர் சொல்ல மாட்டேன், செயலாளரிடம் விவரம் கொடுத்திருக்கிறேன். பிராட்சாத் போலச் சொத்தை எழுதி வைக்க வேண்டாம், சிலையும் கிடைக்காது. அந்த மூவரின் இந்த ஆண்டு மெஸ் பில்லில் ஒன்றை நான் ஏற்கிறேன். இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.