உப்பும் சிசுவின் அறிவும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது சேலம், நாமக்கல் சீமையில் ஒரு சிசு அழாமல் நெடுநேரம் உறங்கிக் கிடந்தால், ‘தாயைப் படுத்தாத தங்கமான பிள்ளை’ என்று மெச்சுவது வழக்கம். நமது உறவினர் இல்லத்திலும் அவ்வாறே ஒரு சிசுவை மெச்சினோம். பாலுண்ண ஆர்வமின்மையும், பல வாரம் நீங்காத மஞ்சள் நிறமும், மலச்சிக்கலும் நமக்குப் பெரிதாய்த் தோன்றவில்லை. ஈராண்டு கடந்தும் நடவாமலும் பேசாமலும் இருக்கக் கண்ட பின்னரே வைத்தியரை நாடினோம். தைராய்டு சுரப்பின் குறைவே காரணமென்றும், பிறந்த இரு வாரங்களுக்குள் வந்திருந்தால் தினம் ஒரு சிறு மாத்திரையால் அறிவைக் காத்திருக்கக் கூடுமென்றும் அவர் உரைத்தார். அதுகாறும் ஊரார் அதனைப் பூர்வ கர்மம் என்றனர். சிலர் தாயின்மீதே பழி சுமத்தினர்.

கழுத்தின் முன்புறத்தே உள்ள தைராய்டு சுரப்பியின் ஹார்மோன் இன்றிச் சிசுவின் மூளை செவ்வனே வளராது. அதனை ஆக்க அயோடின் வேண்டும். எழுபது ஆண்டு வாழும் ஒருவர்க்கு வேண்டிய அயோடின் முழுவதும் ஏறக்குறைய நான்கு கிராமே! அச்சொற்பப் பொருள் குறையின் கழுத்தில் கழலை தோன்றும்; கருவுற்ற தாய்க்குக் குறையின் சிசுவின் அறிவே குன்றும்.

இத்துறையில் நம் தேசத்தில் பெரும்பணி ஆற்றியவர் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி. 1921ஆம் ஆண்டு ஸ்ரீகாகுளத்தில் பிறந்த இவர், அக்காலத்தில் குன்னூரிலிருந்த போஷணை ஆராய்ச்சி நிலையத்திலும் பணி புரிந்தவர். 1956ஆம் ஆண்டில் இமயத்து அடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டிற்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றிற்கு வெறும் உப்பும் வழங்கச் செய்து, பள்ளிச் சிறாரின் கழுத்தைப் பரீக்ஷித்து வந்தார். 1962க்குள் முதலிரு பகுதிகளில் கழலை பாதியளவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் உப்பே அளிக்கப்பெற்றது. இவரும் தோழரும் கண்ட முடிவுகள் 1973ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன.

‘அது மலைநாட்டு வியாதி, சமவெளியிலுள்ள நமக்கென்ன?’ என்று வினவுவாருமுளர். டாக்டர் என். கொச்சுப்பிள்ளையும் தோழரும் உத்தரப் பிரதேசத்துச் சமவெளி ஜில்லாக்களில் சிசுக்களின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து, அங்கும் இக்குறை மிக்கிருத்தலை 1986ல் வெளியிட்டனர். அன்றியும், நம் காடுகளில் விளையும் மரவள்ளிக் கிழங்கைச் சரிவரப் பக்குவம் செய்யாது உண்டால், அதிலுள்ள நஞ்சு உடலில் மாறுபட்டு, சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும். காங்கோ நாட்டில் பெல்ஜிய வைத்தியர்கள் இதனை ஆராய்ந்து 1980ல் நூலாக்கினர். இதனால் மரவள்ளியை வெறுக்க வேண்டுவதில்லை. தோலுரித்து, நன்கு வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டு, அயோடின் உப்புடன் உண்பார்க்கு அச்சமில்லை.

ஆயினும் ஒரு வெட்கத்தை மறைத்தல் தகாது. தூத்துக்குடி உப்பளங்களை உடைய நம் தமிழ்நாடே, 2018-19ல் எடுத்த தேசியக் கணக்கில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் இல்லங்களின் விகிதத்தில் கடைசியில் நின்றது!

உப்பு ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்குமோ எனில், தீர்க்காது. சில சிசுக்களுக்குச் சுரப்பியே அமையாது. சிலர்க்கு அது செவ்வனே இயங்காது. இப்பின்வகை பெரும்பாலும் பரம்பரையாய் வருவது. நெருங்கிய உறவில் மணப்போரிடை அதிகம் காணப்படுவது. நம் தேசத்தில் சுமார் ஆயிரம் சிசுக்களில் ஒன்றுக்கு இக்குறை உண்டென்பர். பிறந்து இரண்டு மூன்று நாட்களில் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தமே இதனைக் காட்டிவிடும். எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இதனைத் தாமாகச் செய்வதில்லை. நாமே கேட்டுச் செய்வித்தல் வேண்டும்.

ஆகவே, சகோதரர்களே! அயோடின் உப்பையே வாங்கி, மூடிவைத்து ஆளுங்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்குச் சீர் கொண்டு செல்லும்போது, ‘குதிகால் சோதனை ஆயிற்றா?’ என்றும் வினவுங்கள். நமது வீட்டில் நாம் இழந்ததை நும் வீட்டில் நீங்கள் இழவாதிருப்பீர்களாக!