சர்வரை ஏட்டில் எழுதுவோம்



சர்வர்களில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை நிறுவுவதும், பிறகு அவற்றைப் பணிக்கேற்றபடி அமைப்பதும், தேர்ந்த மனிதர் ஒருவர் எதிரில் அமர்ந்து கையாற் செய்யவேண்டிய காரியங்கள் என்று எனக்கு முன் பேசிய நண்பர் வாதித்தார். கைபட்டவனுக்கே இயந்திரத்தின் மர்மம் விளங்கும் என்று அவர் சொன்னபோது நானும் கைதட்டினேன்; வாக்கியம் அத்தனை அழகாயிருந்தது. ஆயினும் அழகு பிரமாணமாகிவிடாது.

2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதியன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் என்னும் பங்குத் தரகு நிறுவனத்தில் நடந்ததைச் சபையோர் சற்று நிதானமாகக் கேட்கவேண்டும். எட்டுச் சர்வர்களில் புதிய நிரலை ஏற்றும் பொறுப்பைப் பெற்ற ஊழியர் ஏழில் ஏற்றி ஒன்றை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்கவேண்டும் என்ற எழுத்து மூலமான விதியும் அங்கே இருக்கவில்லை. விடுபட்ட அந்த ஒரு சர்வரில், பல ஆண்டுகளாக உபயோகமற்றுக் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று எழுந்து, சந்தை திறந்த 45 நிமிஷங்களுக்குள் 154 பங்குகளில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளை நடத்தி முடித்தது. நஷ்டம் 46 கோடி டாலர். இதைவிட விசித்திரம், கலக்கத்தில் அவர்கள் செய்த பரிகாரம்: சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள்; ஆகவே அந்த ஏழும் எட்டாவதைப் போலவே கெட்டன! எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத இடத்தில் வேறென்ன நடக்கும்?

அது நிரல் ஏற்றிய கதைதானே, ஆபரேட்டிங் சிஸ்டம் நிறுவிய கதையா என்று எதிரணியார் குறுக்கிடலாம். ஒன்றுபோல் இருக்கவேண்டிய எட்டு இயந்திரங்களை மனித ஞாபகத்திடம் ஒப்படைத்தால் வரும் ஆபத்து இரண்டிலும் ஒன்றே.

எங்கள் அணி பரிந்துரைக்கும் முறைதான் என்ன? வெற்று வட்டோடு வந்திறங்கும் சர்வர் மின்சாரம் பெற்றவுடன் வலையமைப்பில் தனக்கொரு முகவரியைக் கேட்டுப் பெற்று, நிறுவும் நிரலை அங்கிருந்தே இறக்கிக்கொண்டு, வட்டை எப்படிப் பிரிப்பது, எந்த நேர மண்டலம், எந்தெந்த மென்பொருள்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் முன்பே எழுதிவைத்த கோப்பிலிருந்து விடை எடுத்துக்கொள்கிறது. ரெட் ஹாட் லினக்ஸ் உலகில் இதைக் கிக்ஸ்டார்ட் என்பார்கள். டெபியன்காரர்கள் ப்ரீசீட் என்பார்கள். (ரகசியமாக இருக்கவேண்டிய கடவுச்சொல்லை அந்தக் கோப்பில் அப்படியே எழுதிவைக்கும் மேதாவிகளும் உண்டு, அவர்களுக்காக வாதாட நான் வரவில்லை.) இன்னொரு வேடிக்கையும் உண்டு: ரெட் ஹாட் லினக்ஸை ஒருவர் கையாலேயே நிறுவினாலும், அவர் அளித்த விடைகளையெல்லாம் அந்த நிறுவும் நிரல் ஒரு கிக்ஸ்டார்ட் கோப்பாக எழுதி, அந்தச் சர்வரிலேயே வைத்துவிட்டுத்தான் போகிறது. கைவேலையை விடாதவருக்கும் அடுத்த தடவைக்கென்று ஏடு தயாராகிவிடுகிறது.

நிறுவிய பிறகும் பராமரிப்பு இருக்கிறது. 1993-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜெஸ் தொடங்கிய சிஎஃப்என்ஜின் என்னும் மென்பொருள், சர்வர் எந்த நிலையில் இருக்கவேண்டும் என்பதை எழுதிவிட்டால் போதும், மாறியிருப்பதை மட்டும் திருத்தி, சரியாயிருப்பதைத் தொடாமல் விடுகிற வழியைக் காட்டிற்று. பப்பெட், ஆன்சிபிள் என்னும் மென்பொருள்களும் பின்னாளில் அதே வழியில் நடந்தவை.

எதிரணியின் பலமான அஸ்திரம் ஒன்றை நான் மறைக்கப் போவதில்லை. 2014 மே மாதத்தில் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், வட்டை அழித்து விண்டோஸ் 7-ஐ நிறுவும் தானியங்கிக் கட்டளை தவறுதலாக எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் போய், சர்வர்களையும் பதம் பார்த்தது. தானியங்கி தவறையும் துரிதமாகவே பரப்பும், மறுப்பதற்கில்லை. ஆனால், ஒரு தடவைக்கு இத்தனை சர்வர்களுக்கு மேல் தொடாதே என்ற எச்சரிக்கையையும் ஆன்சிபிளில் கட்டளைகளை எழுதும் அதே ஏட்டில் ஒரு வரியாக எழுதிவைக்க முடியும். இன்றிரவு விழித்திருப்பவருடைய ஜாக்கிரதையை நாளை வருகிறவருக்கு எழுதிக்கொடுக்கக் கைவேலையில் என்ன உபாயம் இருக்கிறது?

தானியங்கி முறையால் அறிவு மங்கிவிடும் என்கிறார்கள் எதிரணியார். கல்யாணத்துக்குச் சாமான் பட்டியல் எழுதிக்கொடுக்கும் சமையற்காரர் அதனால் சமையலை மறந்துவிடுகிறாரா? வட்டுப் பிரிவினை விளங்காதவன் கிக்ஸ்டார்ட் கோப்பின் ஐந்தாவது வரியைத் தாண்ட மாட்டான்.

ஆகையால், நடுவர் அவர்களே, முதல் சர்வரைக் கையால் நிறுவிக் கற்றுக்கொள்ளும் உரிமையை எதிரணிக்கு மனமுவந்து விட்டுக்கொடுக்கிறோம். இரண்டாவது சர்வர் வந்திறங்கும் நாள் முதல் தானியங்கி முறையே தக்கது என்று எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கும்படி வேண்டி அமர்கிறேன்.