குடியைக் கேளுங்கள்

மேல்நாட்டில் பூட்டனைத் தேடுகிறவர் முதலில் தேவாலயக் கல்லறைக்குத்தான் போவார். பெயரும் தேதியும் கல்லிலேயே இருக்கும். கிழக்கிலங்கையின் சாய்ந்தமருது மையவாடியில் அது எளிதல்ல. நம் மீசான் கட்டைகள் பலவற்றில் எழுத்தே கிடையாது. போதாக்குறைக்கு, 2004 சுனாமி கரையோர வீடுகளோடு அலுமாரியிலிருந்த பத்திரங்களையும் அள்ளிப்போனது.

ஆனால் கிழக்கில் நமக்குக் குடி இருக்கிறது. அது உம்மா வழியாக வரும் வம்சப் பெயர். வாப்பாவின் பெயர் முன்னெழுத்தாகித் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும், குடி மாறாது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்கார், அதாவது குடியின் பிரதிநிதி, இருந்ததும் அதனால்தான். அக்கரைப்பற்றில் ஆய்வுசெய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இந்தத் தாய்வழி முறை இங்குள்ள தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இருப்பதை விரிவாக எழுதியிருக்கிறார்.

காணி உறுதியையும் சும்மா நினைக்காதீர்கள். சீதன வீடு உம்மாவிடமிருந்து மகளுக்குப் போவதால், பழைய உறுதிகளைப் பின்னோக்கி வாசித்தால் உம்மம்மா, அவரின் உம்மா என்று பெண்களின் பெயர்களே வரிசையாக வரும். வேறெந்த ஏட்டிலும் இது இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

அரசாங்கப் பதிவுகளையும் தேடலாம். பிறப்பு, இறப்புப் பதிவு இலங்கையில் 1867இல் தொடங்கியது. முஸ்லிம் விவாகப் பதிவுக்கு 1886இல் தனிச் சட்டம் வந்தது. பழைய கடுத்தத்தில், அதாவது விவாகப் பதிவில், மணமக்களோடு மணமகளின் பொறுப்பாளரான வலியின் பெயரும் இருக்கும்.

ஏடுகள் காத்திருக்கும், மூத்தம்மா காத்திருக்கமாட்டார். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லும் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.